ஒருமனதாக

தட்டு கனத்தது.

அடுக்கடுக்காய்ச் சால்வைகள். மேலே ஒரு பித்தளைக் கேடயம். இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்கும்.

மேடை ஓரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பேசத்தான் வந்திருந்தாள். காலையில் செயலாளரிடம் சொன்னபோது அவர் மறுக்கவே இல்லை.

"பேசலாம் அம்மிணி, தாராளமாப் பேசலாம். மொதல்ல மேடைக்கு வா."

வந்ததும் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்.

வரி வழக்கறிஞர் சங்கத்தில் மேடைக்குப் பெண் என்றால் தட்டுக்குத்தான்.

ஆண்டறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. ஏற்காடு சுற்றுலா. கிரிக்கெட்டில் இரண்டாம் பரிசு. ரத்ததான முகாம். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

பிறகு தலைவர் சென்னியப்பன் எழுந்தார்.

வரி வழக்கறிஞர்கள் வருஷா வருஷம் கட்டும் உரிமக் கட்டணத்தை மூன்று மடங்காக்க அரசு யோசிக்கிறதாம். சங்கத்தின் கருத்தைக் கேட்டிருக்கிறதாம். சங்கம் இதை முழுமனதோடு வரவேற்கிறது என்று தீர்மானத்தை வாசித்தார். காகிதத்தை மடித்தார். சிரித்தார்.

"நாலு டீக்கடைக்குக் கணக்குப் பாக்கறவனெல்லாம் போர்டு மாட்டிக்கறான். கொஞ்சம் களை எடுக்க வேண்டாமுங்களா?"

முன்வரிசை குலுங்கியது. முன்வரிசைக்கு அந்த மூன்று மடங்கு ஒரு கல்யாண மொய்.

அவள் பார்ப்பது டீக்கடைக் கணக்குத்தான். தையல் யூனிட், பழைய இரும்புக் கடை. ஃபீஸ் தருவார்கள். தீபாவளிக்குத் தர வேண்டியதைப் பொங்கலுக்குத் தருவார்கள்.

உரிமத்தைப் புதுப்பிக்க முடியாவிட்டால் மறுபடியும் சென்னியப்பன் ஆபீஸ். நான்கு வருஷம் இருந்த அதே ஆபீஸ். கணக்கு இவள் போட்டது. வாதம் இவள் எழுதியது. கையெழுத்து அவருடையது.

வெளியே வந்த அன்று அவர் சொன்னார். "சொந்த போர்டா? மாட்டு, மாட்டு. எத்தன நாளைக்குன்னு பாக்கறேன்."

வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. தன் கையெழுத்துக்குக் காசு வாங்க ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

களையாம்.

கடைசி வரிசையில் அவளைப் போல ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "நீங்க கை தூக்குங்கக்கா, பின்னாலயே நாங்க தூக்கறோம்" என்று போனில் சொன்னவர்கள்.

"எதிர்ப்பு இருந்தா கை தூக்கலாமுங்க" என்றார் சென்னியப்பன்.

ஆறு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் மேசையைப் பார்த்தாள். பூங்கொத்து, தண்ணீர் பாட்டில், பெரியவர்களின் செல்போன்கள். தட்டு வைக்க இடமில்லை.

"ஐயா, நான்..."

மைக் அவரிடம் இருந்தது.

"இரு அம்மிணி, சால்வை அடுத்தாப்லதான்."

மண்டபமே சிரித்தது.

குனிந்து தரையில் வைக்கப் போனாள். கேடயம் சரிந்தது. அதைத் தாங்கிப் பிடித்து நிமிர்வதற்குள் கைதட்டி முடித்திருந்தார்கள்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஆறு பேரும் தத்தம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சால்வைகள் தோள்களில் ஏறின. கேடயம் தலைவருக்கு. கீழே இலை போடும் சத்தம் கேட்டதும் நாற்காலிகள் இழுபட்டன. செயலாளர் எல்லோரையும் போட்டோவுக்கு விரட்டினார்.

"அம்மிணி, நீ தலைவருக்கு முன்னால நில்லு. நம்ம சங்கத்துல லேடீஸும் இருக்காங்கன்னு தெரியோணுமில்ல."

போய் நின்றாள்.

இப்போது கை இரண்டும் சும்மா இருந்தன.

வலது கையைத் தூக்கினாள்.

போட்டோக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். "மேடம், கையக் கீழ போடுங்க. தலைவர் மூஞ்சிய மறைக்குது."

அவள் முழங்கையை இன்னும் நிமிர்த்தினாள்.

"எடுங்கண்ணா."