எழுதாமல் விட்ட பூஜ்யம்

"ஒரே ஒரு வரிதான்க்கா, சேத்துட்டேன், இனிமே எல்லாம் சரியா..."

"வரியாம் வரி. முதல்ல கதவுலேர்ந்து கையை எடு."

இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இருவருமே நிறுத்துவதாக இல்லை.

காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்துவது அக்காவின் வேலை. அந்தக் கருவிக்கு எவ்வளவு சத்தம் என்று சொல்லும் கணினி நிரலை எழுதுவது தம்பியின் வேலை. கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது தம்பியின் மகள்.

போன வாரம் அந்தக் குழந்தைக்கு முதன்முதலாகக் கருவியை மாட்டினார்கள். குழந்தை அலறிய அலறலில் அடுத்த அறையிலிருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். அதைப் பிய்த்து எறிந்துவிட்டது. அதன்பிறகு வீட்டில் அவன் கருவியைக் கையில் எடுத்தாலே ஓடிப்போய் ஒளிந்துகொள்கிறது. நேற்றிலிருந்து அக்காவிடம்தான் இருக்கிறது.

நிரலைத் திருத்தியாயிற்று, இன்றைக்கே மறுபடி மாட்டிவிட வேண்டும் என்று வந்து நிற்கிறான். அக்கா வழியை விடவில்லை.

அவன் விளக்கினான். விளக்கம் சொல்வதில் அவனுக்கு எப்போதுமே குறைச்சல் கிடையாது. சத்த அளவுக்கென்று நிரலில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தான். ஆரம்பத்தில் அதில் பூஜ்யம் போடு என்று மட்டும் எழுதவில்லை. எழுதிவிடு என்று அவனோடு வேலை செய்கிற பெண் சொன்னாளாம். அது தானாகவே பூஜ்யமாகத்தானே வருகிறது என்று இவன் சிரித்தானாம்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் மேசையில் பூஜ்யமாக வரும். ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் கணினியை அணைத்துப் போடுகிறவன். இங்கே மருத்துவமனையில் யார் அணைக்கிறார்கள்? காலையில் போட்டது சாயங்காலம்வரை ஓடுகிறது. அன்றைக்குக் குழந்தைக்கு முன்னால் வந்தவர், இடி இடித்தாலும் திரும்பாத ஒரு பெரியவர். அவருக்கு வைத்த உச்ச அளவு, யாரும் துடைக்காத அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதுவே குழந்தையின் கருவிக்கும் போயிற்று.

அடுத்தவர் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் பெற்ற பிள்ளைக்குப் போட்டாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டாள்.

அவனும் குரலை உயர்த்தினான். தெரியாமல் நடந்ததற்கு இன்னும் எத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது? தள்ளிப்போட்டால் பேச்சு வருவதும் தள்ளிப்போகும் என்று சொன்னதே அவள்தானே? குழந்தைக்குக் கருவியைக் கண்டுதான் பயம், மடியில் வைத்துப் பழக்கினால் சரியாகிவிடும் என்றான்.

சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளி, செல்லமாகக் கூப்பிட்டான்.

குழந்தை நிமிர்ந்தது. கையிலிருந்த கட்டையைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டது.

கருவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. அதை இன்னும் வெளியே எடுக்கவே இல்லை.

அக்கா கதவை இழுத்துச் சாத்தினாள். இப்போது அவள் கத்தவில்லை.

"வேற கருவி நேத்தே மாட்டிட்டேன், அழவே இல்ல, முடிக்குள்ள அதைப் போட்டுக்கிட்டுத்தான் விளையாடுறா. கருவிக்கு அவ பயப்படலடா. அன்னைக்கு முதல் முதலா அவ காதுல விழுந்தது, நீ அவளைக் கூப்பிட்ட குரல்தான்."