வலது கை யார் தோளில்?

"வலது கையை மட்டும் ஒரு தோள்மேல போட்ட மாதிரி வெச்சுக்கோ. மத்ததெல்லாம் போட்டோகிராபர் பாத்துப்பார்."

"யார் தோள்ண்ணா?"

"பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க. சும்மா காத்துல வெச்சுக்கோ."

"அதான் கேக்குறேன். அப்புறமா கம்ப்யூட்டர்ல அங்க யாரைக் கொண்டாந்து நிறுத்துவீங்க?"

மூத்தவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி பொண்டாட்டியை."

"அப்ப அந்தக் கையை வெட்டி வீட்டுலயே வெச்சுட்டு வரேன். பரவாயில்லையா?" என்றாள் தங்கச்சி.

மூத்தவர் பஸ் டிப்போவில் அட்டவணை போடுகிறவர். அவர் போட்ட அட்டவணையில் ஒரே தடத்தில் இரண்டு பஸ் முட்டிக்கொண்டு நின்றதாகச் சரித்திரமே கிடையாது. இந்தப் பெண்கள் இரண்டு பேரை முட்டாமல் ஓட்டுவதுதான் இரண்டு வருஷமாக அவர் உயிரை வாங்கியது.

எல்லாம் ஒரு குக்கரால் வந்த வினை. பிள்ளையின் பிறந்தநாளுக்காகத் தம்பி மனைவி நாத்தனாரின் குக்கரை இரவல் வாங்கினாள். திரும்பி வந்தபோது விசில் இல்லை. கொடுத்தேன் என்கிறாள் இவள். வரவேயில்லை என்கிறாள் அவள். கடையில் புது விசில் வாங்கிப் போட்டால் முடிந்தது. ஆனால் வாங்குகிறவள் தோற்றுப்போனதாக ஆகிவிடுமே! அடுப்படிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத மூத்தவருக்கு அந்த விசில் வட்டமா சதுரமா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் பஞ்சாயத்துக்கு அவர்தான். இவள் சொன்னதை அவளிடமும், அவள் சொன்னதை இவளிடமும் ஒரு வார்த்தை சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். சண்டை நன்றாக வளர்ந்தது.

இந்த லட்சணத்தில்தான் அம்மா கேட்டுவிட்டாள். "கல்யாணமாகி அம்பது வருஷம் ஆச்சு. எனக்குப் புடவை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எல்லாரும் ஒரே படத்துல நில்லுங்க, அது போதும்." சொன்னதோடு நிற்காமல் கூடத்துச் சுவரில் ஆணியும் அடித்துவிட்டாள். அந்த வெறும் ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் மூத்தவருக்கு நெஞ்சில் குத்தியது.

தனித்தனியாக எடுத்து ஒட்டிவிடலாம் என்று போட்டோகிராபர் சொன்னதும் அவருக்கு உயிர் வந்தது. அன்றைக்கே டிப்போவில் உட்கார்ந்து அட்டவணை போட்டார். பத்து மணிக்குத் தங்கச்சி குடும்பம். பத்தரைக்கு வெளியேற வேண்டும். பத்தே முக்காலுக்குத் தம்பி குடும்பம். பதினொன்றரைக்கு அப்பா, அம்மா. பன்னிரண்டுக்கு அவரும் அவர் மனைவியும். எல்லாருக்கும் வெளிர் நீலம். கட்டம் போட்டது, பூப் போட்டது கூடாது. தாள் காற்றில் பறக்காமல் இருக்க, எப்போதும்போல ஆபீஸ் பைக்குள் கிடந்த இரும்புக் குண்டை எடுத்து மேலே வைத்துவிட்டு, அழகு பார்த்தார். அந்தப் பையை வீட்டில் யாரும் தொடக்கூடாது என்பது அவர் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பன்னிரண்டுக்கு மனைவியோடு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரே சோபா. அதில் வெளிர் நீலத்தில் மொத்தக் குடும்பமும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நடுவில் அம்மா, ஒரு பக்கம் தங்கச்சி, மறுபக்கம் தம்பி மனைவி.

"லைட் எரிஞ்சு போச்சு சார்," என்றார் போட்டோகிராபர். "வேற லைட் வர்ற வரைக்கும் யாரையும் எடுக்க முடியல. எல்லாரையும் உக்கார வெச்சுட்டேன்."

"உக்கார வெச்சீங்களா? அடிதடி ஆகலையா?"

"ஏண்டா, நாங்க என்ன ஆடா மாடா?" என்றாள் அம்மா. "இவங்க நேருக்கு நேர் பேசியே ரெண்டு வருஷமாச்சாம். இப்பத்தான் பேசினாங்க. ஆமா, அந்தக் குக்கரை இவ யார்கிட்டடா திருப்பிக் கொடுத்தனுப்பினா?"

"என்கிட்டதான். என் ஆபீஸ் பையில திணிச்சு, பஸ்ல நசுங்கி, நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுக்கு என்ன இப்ப?"

"மாமா, நான் விசிலை மூடிமேல மாட்டித்தானே கொடுத்தேன்?" என்றாள் தம்பி மனைவி.

"நீ மாட்டினதும் தெரியாது, அவ கழட்டினதும் தெரியாது. என்னை விடும்மா. உங்களுக்கு நடுவுல பூந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

சோபாவில் இருந்த எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நல்லதுக்குக் காலமில்லை என்று முணுமுணுத்தபடி அங்கிருந்த மேஜைக்குப் போனார்.

"பழசைக் கிளறாதீங்க. லைட் வந்ததும் யார் முதல்ல, யார் அடுத்ததுன்னு நான் புதுசா நேரம் போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் ஆளாளுக்குத் தள்ளித் தள்ளி உக்காருங்க."

பையிலிருந்து அட்டவணையை எடுத்து மேஜைமேல் விரித்தார். மின்விசிறிக் காற்றில் அது படபடத்தது. பழக்கதோஷம், பைக்குள் கையை விட்டு அந்த இரும்புக் குண்டை எடுத்து அதன்மேல் 'டொக்' என்று வைத்தார்.

அவர் மனைவி மெதுவாகத் தலையில் கைவைத்துக்கொண்டாள். தம்பி மனைவி எழுந்து வந்து அதை எடுத்தாள். முந்தானையில் துடைத்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணி, உங்க குக்கர் விசில்."

தங்கச்சியின் வலது கை, எந்தக் கம்ப்யூட்டரும் கொண்டுபோய் ஒட்டாமல், தானாகவே தம்பி மனைவியின் தோள்மேல் போய் விழுந்தது.