துருவே இல்லாத குழாய்

1998ஆம் ஆண்டின் அந்த வியாழக்கிழமை, பண்டமாரான் எண்ணெய்க் கிடங்கின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள் என்று மேலாளர் கண்ணப்பன் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

பொன் கைவசம் இல்லாததால் பதாகையைச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள்.

தீயணைப்புக் குழாயின் இடுப்பில் ஒட்டியாணம் போல ஒரு வளையத்தை மாட்டினான், கோலாலம்பூரிலிருந்து குழாயைச் சோதிக்க வந்த மாரிஸ். வளையம் குழாய் நெடுக ஒலி அலையை அனுப்பும். துரு அரித்த இடத்தில் அலை மோதித் திரும்பி வந்து காட்டிக்கொடுத்துவிடும். சாலைக்கு அடியில் புதைந்த பகுதியைக்கூடத் தோண்ட வேண்டியதில்லை.

திரையில் கோடு அலுங்காமல் ஓடியது.

"துருவே இல்ல பாஸ். நேத்து கடையில வாங்கின மாதிரி இருக்கு," என்றான் மாரிஸ்.

கைதட்டல். தன் ரத்தத்தையே பரிசோதித்துப் பாராட்டிவிட்டதுபோல் கண்ணப்பன் நிமிர்ந்தார்.

தீயணைப்புக் குழுவின் தலைவர் கொர்னேலியஸ் மட்டும் தட்டவில்லை. நெருப்புப் பிடித்தால் இந்தக் குழாயை நம்பி முன்னால் நிற்கப்போவது அவரும் அவருடைய ஆட்களும்தான்.

உள்ளே நிற்பது கடல் தண்ணீர். இருபது வருஷமாக. வாசல் கேட்டே உப்புக்காற்றில் துருப்பிடித்து இரண்டு முறை விழுந்துவிட்டது. இதற்கு மட்டும் என்ன வரம்?

மிஷின் பொய் சொல்கிறது. இல்லையென்றால் மாரிஸை யாரோ நன்றாகக் கவனித்திருக்கிறார்கள்.

"பாஸ், ஒரு தடவ தண்ணிய தொறந்து பாத்துருவோம்லா."

"டைரக்டர் வீட்டு ஆன்டிங்க எல்லாம் பட்டுச் சேலையில வந்திருக்காங்க கொர்னேலியஸ். பந்தல்ல பிரியாணி வேற இருக்கு. நனைச்சு வச்சிராதீங்க."

ஒவ்வொரு வருஷத் தீயணைப்பு ஒத்திகையிலும் கேட்ட பதில்தான். மாலை போடுவார்கள், பேசுவார்கள், விசில் ஊதுவார்கள். ஹோஸை விரிப்பார்கள், விரித்ததைச் சுருட்டுவார்கள். பிறகு பிரியாணி.

கொர்னேலியஸ் பிரியாணிப் பக்கம் போகவில்லை. சாலையைக் கடந்தார். கடல் தண்ணீரை இழுத்து அனுப்பும் பம்ப் அறைக்குப் பின்னால்தான் குழாய் மறுபடி தரைக்கு மேலே வருகிறது. அங்கே லாலான் புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. இரண்டு கையாலும் விலக்கினார்.

மாரிஸும் யோக்கியன், மிஷினும் யோக்கியம்.

பம்புக்கு மூன்றடி முன்னாலேயே குழாய் முடிந்திருந்தது.

அதன் வாயில் ஒரு மரக்கட்டையை அடைத்து, வருஷா வருஷம் தவறாமல் அதற்கும் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.