பேச்சுக்குப் பத்தியம்

“உஸ்! வாயைத் திறக்காதே அகல்யா!”

ராம்பிரசாத் பாய்ந்து வந்து மனைவியின் உதட்டில் விரலை வைத்தான். பாவம், அவள் கொட்டாவி விடத்தான் வாயைத் திறந்தாள். பக்கத்துத் தொட்டிலில், முந்தின நாள் பிறந்த மகள் இந்தக் கலவரம் எதுவும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் மயக்க டாக்டர் ஸ்டெல்லாவின் உத்தரவு. மராத்தி ஊரான கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழச்சி அவர்; பேச்சில் இந்தியும் கலக்கும். சிசேரியனுக்கு முன்பே குடும்பத்தை உட்கார வைத்து விளக்கியிருந்தார்.

“தேக்கோ, முதுகுல ஊசி போட்டா பிரஷர் இறங்கும். அதுக்கு சலைன், மருந்து எல்லாம் ரெடி. வலது இடுப்புக்கு அடியில சின்னத் தலகாணி வெச்சு, இடது பக்கமா சாய்ச்சுப் படுக்க வெப்போம். குளிர் நடுக்கம் வராம சூடான போர்வை. தலைவலி வராம இருக்க மெல்லிசா இருக்கிற ஊசி. அவ்ளோதான், டென்ஷன் வேணாம்.”

“எனக்கு ஒரு சந்தேகம். டாக்டர்கிட்ட தனியா கேக்கணும்” என்றாள் அகல்யா. எல்லோரும் வெளியே போனார்கள். பெண்களுக்கு ஆயிரம் இருக்கும் என்று ராம்பிரசாத் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மறுபடி உள்ளே கூப்பிட்ட டாக்டர், “இன்னொண்ணு. ஆபரேஷனுக்கு அப்புறம் அகல்யா பேசவே கூடாது. எழுதிக் காட்டறது, தலையாட்டறதுகூட வேணாம்” என்றார்.

“எங்க பொள்ளாச்சியிலயும் அப்படித்தானுங் சொல்லுவாங்க. பேசுனா தலைவலி புடிச்சுக்குமுங்” என்றாள் ராம்பிரசாத்தின் அம்மா கோதை.

“எங்க சென்னையிலயும் அதேதான்” என்றார் அகல்யாவின் அப்பா கிருஷ்ணஸ்வாமி. சம்பந்திகள் இருவரும் சமீப காலத்தில் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

இப்போது வார்டில் அடுத்த கட்டிலில், பக்கத்து ஊரான சாங்வியிலிருந்து வந்த பெண் ஒருத்தி. அதே டாக்டர், அதே ஊசி, அதே ஆபரேஷன். அவளோ போனில் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மராத்தியில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை போலிருக்கிறது என்று ராம்பிரசாத் மனதார இரக்கப்பட்டான்.

“ஏன் கண்ணு அகல்யா, பேத்திக்கு மாசாணின்னே வெச்சுரலாமில்ல? கொலதெய்வத்துக்கு வேண்டியிருக்கறேன்” என்று கோதை ஆரம்பித்தாள்.

“நடக்காது சம்பந்தியம்மா. கிருஷ்ணப்ரியா. என் பேருல பாதியாவது என் பேத்திக்கு வேணும். அகல்யா, நீ சொல்லும்மா!”

“ரெண்டு பேரும் அவளை விடுங்க! அவ பேசக் கூடாது!” என்று ராம்பிரசாத் குறுக்கே கையை நீட்டினான். அகல்யா கூரை மின்விசிறியைப் பார்த்தபடி சாதுவாகப் படுத்திருந்தாள்.

“அவ பேசக் கூடாது சரி, நீ பேசலாமில்ல? பெத்த அப்பன் நீ. சொல்லு!” என்று கோதை மகன் பக்கம் திரும்பினாள். “மாசாணி இல்லைன்னா இன்னிக்கே நான் ரயிலேறிருவேன்.”

“கிருஷ்ணப்ரியா இல்லைன்னா எனக்கும் இங்கே வேலை இல்லை, மாப்பிள்ளை.”

எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரு வீட்டு உறவு அதோடு போச்சு. இத்தனை மாதமும் இந்தப் பஞ்சாயத்து அகல்யாவின் தலையில்தான் விழுந்தது. போனில் இரண்டு பக்கமும் அவளைத்தான் பிடித்து உலுக்கினார்கள். அவள் எப்படித்தான் தாங்கினாளோ என்று ராம்பிரசாத்துக்கு இப்போதுதான் உறைத்தது.

“ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஓடினான். நல்லவேளை, டாக்டர் ஸ்டெல்லா எதிரே வந்துகொண்டிருந்தார்.

“டாக்டர், பிரஷர் எப்படி இருக்கு?”

“ஏக்தம் நார்மல்.”

“தலைவலி? நடுக்கம்?”

“ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் முன்னாலயே தடுத்தாச்சு. நேத்து ராத்திரி ரெண்டு இட்லி சாப்பிட்டு, மூணாவதும் கேட்டாங்க.”

ராம்பிரசாத் சட்டென்று நின்றான். “கேட்டாளா? எப்படி?”

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

“டாக்டர், உள்ளே என் உயிர் போகுது. அவ எப்பதான் பேசலாம்?”

டாக்டர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தார்.

“குழந்தைக்குப் பேர் வெச்ச மறுநிமிஷமே பேசறதா உங்க மிஸஸ் எனக்கு வாக்குக் குடுத்திருக்காங்க!”