குச்சியைப் பிடித்தவர்கள்

‘இடிதாங்கி’ ராக் குழுவின் கோவைக் கச்சேரியில் டிரம்மர் வீசிய குச்சியைப் பாய்ந்து பிடித்தவன் தயாளன்தான். அந்த நினைவைத் தன் மூளையிலிருந்து நகலெடுத்து ரசிகர் மன்றத்தின் நினைவுப் பெட்டகத்தில் ஏற்றியதுதான் அவன் செய்த மடத்தனம். அதைத் தலைக்குள் இறக்கிக்கொண்ட நானூறு பேரும் இப்போது தாங்களே பிடித்ததாகச் சாதிக்கிறார்கள்.

மன்றத்தின் ஆண்டு விழாவில் ஒருவர், முழு நகத்தோடு இருந்த பெருவிரலை நீட்டிக் கண்கலங்கினார். “நாந்தானுங்க புடிச்சேன். நகமே பேந்து போச்சுங்க!”

“யோவ், அது என் நகம்யா!” என்று கத்தினான் தயாளன்.

யாரும் நம்பவில்லை. ஆத்திரத்தோடு வீட்டுக்கு ஓடி, நுனி உடைந்த அந்தக் குச்சியை எடுத்துவந்து மேடையில் தூக்கிக் காட்டினான்.

அரங்கமே அதன் உடைந்த நுனியை எட்டிப் பார்த்தது. பிறகு நானூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

“திருட்டுப் பயலே, என் குச்சியக் குடுறா!”