பின்பக்கத் தகடு

ஞாயிறு மாலை நாலே முக்கால். ஐந்து மணிக்கு அம்மா வருவதற்குள் கம்ப்யூட்டர் ஓடிவிட்டால், டெஸ்ஸா அதை இன்றே கையோடு எடுத்துப்போகலாம். போன ஞாயிறு ஸ்க்ரூ பொட்டலம் காணாமல் போய் வேலை நின்றுவிட்டது.

"கடைசி ஸ்க்ரூப்பா! திருப்புளியைக் குடு, குடு!"

ரஸ்ஸல் கொடுத்தார். மதர்போர்டு பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. மகள் வயர்களை மளமளவென்று செருகினாள்.

"சுவிட்சைப் போடவாப்பா?"

"இரு, இரு. பின்னாடி பாரு."

பெட்டியின் முதுகில் நீளமாக ஓர் ஓட்டை. போர்டை வைப்பதற்கு முன்பே அங்கே ஒரு தகடு பொருத்தியிருக்க வேண்டும்.

"ஐயோ, தகடு! அது இல்லாம ஓடாதா?"

"ஓடும். உங்கம்மா வீட்டுப் பூனை உள்ள கையை விட்டா? எல்லாத்தையும் கழட்டித்தான் ஆகணும். என் புத்தியைச் செருப்பாலதான் அடிக்கணும்."

வாசலில் ஹாரன் ஒலித்தது. கம்ப்யூட்டர் முடியும்வரை டெஸ்ஸா ஞாயிறுதோறும் இங்கே வரலாம் என்பது, பிரிந்துபோன மனைவி சொன்ன ஏற்பாடு.

"அடுத்த வாரம் முடிச்சிடலாம், கண்ணு."

ரஸ்ஸல் பனிக்கோட்டை மாட்டிக்கொண்டு, அதன் பைக்குள் கைவிட்டுப் பார்த்தார். தகடு பத்திரமாக இருந்தது.

கார் அருகே டெஸ்ஸா அவரைக் கட்டிக்கொண்டு காதில் கிசுகிசுத்தாள்.

"போன வாரம் ஸ்க்ரூவை நான் ஒளிச்சேன். இந்த வாரம் தகட்டை நீ ஒளிச்சுட்ட. அடுத்த வாரம் யாருப்பா?"