சர்ச் ஸ்ட்ரீட்டில் வளைகாப்பு

“தேன்கனிக்கோட்டையில வளைகாப்புங்க. வர இருட்டிடும்.”

கணவர் நாராயணப்பனிடம் இப்படிச் சொல்லிவிட்டு, பொய்க்குப் பொருத்தமாகப் பட்டுப்புடவையும் கட்டிக்கொண்டு, மருமகள் சுசித்ராவோடு பாகலூரிலிருந்து கிளம்பினாள் ஜோதியம்மாள்.

போனது பெங்களூருக்கு.

பொய் சொல்லாமல் வேறென்ன செய்வது? கூப்பிடு தூரத்தில் ஒரு தலைநகரமே இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்துவிட்டது. அவரிடம் ஒரே பதில்தான்.

“அங்க என்னா இருக்குது? புகையும் டிராபிக்கும்! மனுசன் போவானா?”

அன்றைக்கும் ஒரு முறை முறைத்துவிட்டு, “நேரத்தோட வந்து சேருங்க. கம்பெனில மெஷின் மக்கர் பண்ணுது. இந்த ஞாயித்துக்கெழமையும் வரச் சொல்லிட்டாங்க” என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் வண்டி தெரு முனை திரும்பியதுதான் தாமதம். பொம்மசந்திராவுக்கு பஸ், அங்கிருந்து மெட்ரோ!

கப்பன் பார்க்கில் நாய்கள் சட்டை போட்டுக்கொண்டு நடந்தன. ஒருத்தி “சிட்!” என்றாள். அவள் நாய் பொத்தென்று உட்கார்ந்தது.

“பாத்தியா சுசி? நாயி இங்கிலீஷ்லயே சொன்னத கேக்குது. உன் புருசன் தமிழ்ல சொன்னாலும் கேக்கறதில்ல.”

சுசித்ரா சிரித்த சிரிப்பில் அந்த நாய் பயந்து எழுந்துவிட்டது.

அங்கிருந்து சட்டசபை கூடும் விதான சௌதாவுக்கு நடை. இருட்டியதும் கட்டடம் முழுக்க விளக்கு. முகப்பில் இருந்த கன்னடத்தை ஜோதியம்மாள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“சர்க்காரத கெலச தேவர கெலச... கவர்மென்ட் வேலை சாமி வேலையாம்டி. அப்ப நம்ம வூட்டு வேலை?”

“அது நம்ம வேலைதான் அத்தை. அதுக்கு எவன் லைட்டு போடப் போறான்?”

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எதற்கென்றே தெரியாமல் சேர்ந்து சிரித்தார்கள்.

சர்ச் ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்தபோது ஊரே வேறாக இருந்தது. மாடிக்கு மாடி கலர் விளக்கு, கண்ணாடிக்குள் கூட்டம், காது கிழியும் பாட்டு.

“இதுக்குள்ள என்னாடி பண்றாங்க?”

“பீரு அத்தை. அங்கயே காய்ச்சி அங்கயே ஊத்தறாங்களாம்.”

“நம்மூர்ல காய்ச்சினா போலீஸ் புடிக்குது. இங்க லைட்டு போட்டில்ல காய்ச்சறாங்க!”

நடைபாதையில் இரண்டு பேர் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடினார்கள். ஜோதியம்மாள் கை தட்டினாள். தட்டிய கை மெல்ல தலைக்கு மேல் ஏறியது. இடுப்பும் சும்மா இருக்கவில்லை. பட்டுப்புடவையில் ஒரு அம்மா ஆடுவதைப் பார்த்து கூட்டம் விசிலடித்தது.

“அத்தை, தூள்!” என்றாள் சுசித்ரா.

ஒரு சுற்று சுற்றித் திரும்பிய ஜோதியம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரே ஐஸ்கிரீம் கடை வாசலில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் கையில் கோன் ஐஸுமாக, நாராயணப்பன்!

பக்கத்தில் ஜீன்ஸ் போட்ட ஒரு பெண், அந்தக் கடையில் வேலை செய்கிறவள். அவர் ஏதோ சொல்ல, அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“மெஷின் மக்கராமே, மெஷினு!” ஜோதியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகினாள்.

“வேணாம் அத்தை. நாமளும் பொய் சொல்லிட்டுத்தான வந்திருக்கோம்?”

“நான் சொன்ன பொய் வேற. அந்த மனுசன் சொன்ன பொய் வேற!”

விறுவிறுவென்று போய் அவர் முன்னால் நின்றாள்.

“மெஷினு ரிப்பேர் ஆயிடுச்சுங்களா?”

நாராயணப்பனின் கோன் சாய்ந்து ஐஸ் சட்டையில் வழிந்தது. முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெல்ல அவள் பட்டுப்புடவையைப் பார்த்தார்.

“வளைகாப்பு... முடிஞ்சுதா?”

“பேச்ச மாத்தாதீங்க! புகையும் டிராபிக்கும்னு சொல்லிச் சொல்லி என்னைய வூட்லயே உக்கார வெச்சிட்டு, நீங்க மட்டும் இங்க சோக்கா...” குரல் உடைந்தது. “இனிமே சோத்தையும் இந்தக் கடையிலயே தின்னுக்குங்க. நான் என் மருமகளோட தனியா இருந்துக்கறன்!”

கடைப் பெண் கண்களை அகல விரித்தாள்.

“அங்கிள்! இவங்கதான் ஜோதி ஆன்ட்டியா?”

ஜோதியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என் பேரு உனக்கு எப்படித் தெரியும்?”

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாராயணப்பனைப் பார்த்தாள். அவர் கழுத்தைச் சொறிந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நானும் இந்த ஊர முன்ன பின்ன பாத்தவன் இல்ல ஜோதி. உன்னைய கூட்டியாந்து வழி தெரியாம நடுரோட்ல முழிச்சா நீ சிரிப்பியேன்னுதான் இத்தன வருசமா சாக்கு சொல்லிட்டன். மொதல்ல நாம நடந்து பழகிக்குவம், அப்புறம் உன்னைய கூட்டியாரலாம்னு கொஞ்ச நாளா ஞாயித்துக்கெழமையானா இங்கதான் வந்து சுத்தறன், இந்தப் பொண்ணுகிட்ட வழி கேட்டுக் கேட்டு. ஆனா எந்தப் பக்கம் போனாலும், கடைசில இதே கடைக்குத்தான்டி வந்து சேர்றன்!”